இரவுக்கு ஒதுங்கும் இடம்

மலேசியாவின் லங்காவித் தீவில் பாய்மரப் படகேறும் விருந்தினர்கள், ராத்திரி எங்கே தங்கலாம் என்று கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள்: பந்தாய் செனாங். மேற்கு பார்த்த நீளமான மணல்கரை, சூரியன் நேராகக் கடலில் இறங்கும். சாயங்காலத்துக்கு அருமையான இடம்தான். ஆனால் இடம் தேடும் பொறுப்பு என்னுடையது. நான் யோசிப்பது விடியற்காலை மூன்று மணியைப் பற்றி.

செனாங்கில் ஜெட் ஸ்கீ ஓய்ந்தால் கரைக் கடைகளில் பாட்டு தொடங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேற்கே திறந்த கரை என்பதால், எங்கேயோ அடித்த காற்றின் அலை, காற்றே இல்லாத ராத்திரியிலும் வந்து சேரும். படகு அதற்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் விடிய விடிய உருட்டல்தான். அலமாரிக்குள் தட்டுகள் இடிக்கும், பாய்க்கயிறு அலுமினியக் கம்பத்தில் டக் டக்கென்று அடிக்கும். காலையில் கண் சிவந்து காபிக்கு வருகிறவர்களுக்கு எந்தத் தீவைக் காட்டினாலும் ரசிக்காது.

வடமேற்கே தெலாகா பக்கம் அலை குறைவு. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றுக் காலத்தில், மச்சிஞ்சாங் மலையைத் தாண்டி வரும் காற்று சரிவில் திடீர் திடீரென்று பாய்ந்து இறங்கும். மலை மறைக்கும் என்று நம்பி அடிவாரத்தில் ஒதுங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை.

என் மனசுக்குப் பிடித்த இடம் தெற்கே இருக்கிறது. தாயாங் புந்திங் தீவுக்கும் அதை ஒட்டிய சின்னத் தீவுகளுக்கும் நடுவே ஒரு குறுகலான நீர்வழி. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும். அடியில் சேறு. தெளிந்த நீல நீரை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இந்தப் பச்சைக் கலங்கல் ஏமாற்றம்தான். எனக்கு அதுதான் நல்ல சேதி. சேற்றில் ஆழ இறங்கிப் பிடித்த நங்கூரம் லேசில் கிளம்பாது.

அங்கே தண்ணீர்க் கணக்கு முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்று மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். வற்றிய நேரத்தில் 5 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டால், ஏறியபின் அது 8 மீட்டர். படகின் முன்முனை தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர். ஆக 9. அதற்கு ஐந்து மடங்கு, 45 மீட்டர் சங்கிலி விடவேண்டும். அவ்வளவு சங்கிலியோடு படகு சுற்ற இடமும் வேண்டும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் நீரோட்டம் திசை மாறும், படகும் கூடவே திரும்பும். மாலையில் எங்கோ தள்ளி இருந்த பாறை, நடுராத்திரியில் படகின் பின்பக்கத்துக்கு நேரே நிற்கும்.

சங்கிலி விட்டதும் எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டச் சொல்லிவிட்டு, வெறும் பாதத்தைச் சங்கிலிமேல் வைத்துப் பார்ப்பேன். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அப்படியே நிற்கும். இழுபட்டால் ஒரு கரகரப்பு பாதத்தில் ஏறும். எனக்கு வேலை பழக்கிய கேப்டன் அண்ணன் சொல்லித் தந்தது இது. "அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரிஞ்சிடும் தம்பி" என்பார்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தூக்கம் கெடலாம். நாம் அமைதி தேடிப் போகும் இந்த நீரெல்லாம் மீனவர்களின் ராத்திரி வேலையிடம். அதனால் பக்கத்தில் யாராவது இருந்தால், சின்னப் படகில் போய்க் கேட்டுவிடுவது என் வழக்கம். ஒரு முறை வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மலாய்ப் பெரியவரிடம், "பாக்சிக் (பெரியவரே), இங்கே நிறுத்தினால் இடைஞ்சலா?" என்று மலாயில் கேட்டேன். தண்ணீர் இறங்கும்போது நீர்வழியின் இந்த வாய்ப்பக்கம் வலை போடுவோம் என்றார். மரம் சாய்ந்த பாறையைக் காட்டி, அதற்கு உள்ளே போனால் நல்லது என்றார். போனோம். ராத்திரி யார் எஞ்சினும் எங்களை எழுப்பவில்லை, அவர் வலைக்கும் நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. பத்து நிமிஷம் ஆகும் இந்தக் கேள்வியைக் கேட்காமல், நீர்வழியின் வாயை அடைத்து நங்கூரம் போடும் சொகுசுப் படகுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஜெனரேட்டர் நின்ற பிறகு, கீழே படுத்திருப்பவர்களுக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். படகின் அடியில், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல. எங்கேயோ தீப்பொறி என்று பயந்து என்னை எழுப்பியவர்கள் உண்டு. அது ஒருவகைச் சின்ன இறால். கொடுக்கைப் படக்கென்று மூடும்போது ஒரு நீர்க்குமிழி உண்டாகி உடையும், அந்தச் சத்தம்தான். விஷயம் தெரிந்ததும் தூக்கத்தை விட்டுவிட்டுக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. அந்த மாதிரி நேரத்தில் இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போகும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொரு கவலை: 'சுமத்ரா' என்று நாங்கள் சொல்லும் திடீர்ச் சூறைக்காற்று. சுமத்ரா தீவின்மேலும் மலாக்கா நீரிணையின்மேலும் ராத்திரியில் திரளும் இடிமழை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னாடி நம் கரைக்கு வரும். காற்றின் வேகம் 40 நாட், அதாவது மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டரைத் தொடும். அந்த மாதங்களில் மேற்கே திறந்த இடத்தில் நான் தங்குவதில்லை. வடகிழக்கே கீலிம் பக்கம், ஹோல் இன் தி வால் என்கிற குறுகிய வாசலுக்குள் போய்விடுவேன். உள்ளே அலைக்கு வழியே இல்லை. புழுக்கமும் கொசுவும் உண்டு, பகலில் சுற்றுலாப் படகுகளின் இரைச்சலும் உண்டு. பொழுது சாய்ந்து அவை போனபிறகு நன்றாகத் தூங்கலாம்.

எந்த இடமானாலும் வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேரவேண்டும். ஐந்து மணிக்குள் போனால் ஒரு சுற்று சுற்றி ஆழம் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த இடத்துக்கும் போகலாம். பயணத் திட்டம் போடும் அலுவலகமோ தாயாங் புந்திங் தீவிலுள்ள ஏரிக்கு ஒரு நிறுத்தம், நீச்சலுக்கு ஒன்று, சூரியன் மறைவதற்கு ஒன்று என்று அடுக்கிவிட்டு, நங்கூரத்துக்கு இருட்டை ஒதுக்குகிறது. சூரியன் மறைவதை நங்கூரம் போட்ட இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்று ஒவ்வொரு சீசனும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாயாங் புந்திங் பயணத்துக்கு இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். செனாங்கைப் பற்றி இன்னும் பேசவேண்டியிருக்கிறது.