தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

விமானத் தூரம் கணக்கிட ஊர்ப்பெயர் போதாது, விமான நிலையமே வேண்டும். லண்டனில் மட்டும் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று பல இருக்கின்றன. ஹீத்ரோ முதல் நியூயார்க் ஜேஎஃப்கே வரை எடுத்துக்கொள்வோம்.

ஹீத்ரோவின் அட்சரேகை 51.47, தீர்க்கரேகை -0.45 (மைனஸ் என்றால் மேற்கு). ஜேஎஃப்கேவுக்கு 40.64, -73.78. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்து ஹேவர்சைன் சூத்திரத்தில் (உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய தூரத்தைத் தருவது) போட்டால் சுமார் 5,540 கி.மீ. வரும். பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் இணையக் கணிப்பான்கள் பத்துப் பதினைந்து கி.மீ. கூட்டிக் காட்டும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எக்செல்லில் செய்தால் பாகைகளை முதலில் ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்றவேண்டும்.

மோசமான பிழை மைனஸ் குறியை விடுவது. நியூயார்க்குக்கு மட்டும் மைனஸ் விட்டுப்போனால் விடை 5,600 கி.மீ. என்று வரும், பார்க்கச் சரியாகவே இருக்கும். லண்டன் பூஜ்யத் தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. இதையே டோக்கியோ நரிட்டா–சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் செய்தால் 8,200 கி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 1,600 வந்து நிற்கும். அலகையும் பாருங்கள்: லண்டன்–நியூயார்க் சாதாரண மைலில் 3,450, நாட்டிகல் மைலில் (கடல் மைல்) 3,000.

இனி நேரம். பெரிய ஜெட் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வகுத்தால் 6 மணி 10 நிமிடம். ஆனால் அட்டவணையில் நியூயார்க் போக 8 மணி, திரும்ப 7 மணி அளவில் இருக்கும். அட்டவணை நேரம் கேட்டிலிருந்து கிளம்பி கேட்டில் நிற்கும் வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். மீதி வேலை காற்றுடையது. ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயரத்து வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். மணிக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று இருந்தாலே பறக்கும் நேரம் முக்கால் மணி கூடிவிடும். அட்லாண்டிக் மேல் பாதைகளே காற்றைப் பார்த்துத் தினமும் மாற்றி வகுக்கப்படுகின்றன. 2020 பிப்ரவரியில் புயல் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. அதை நம்பி யாரும் திட்டம் போடக்கூடாது.

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் காலை 11-க்குக் கிளம்பி நியூயார்க்கில் மதியம் 2-க்கு இறங்கினால் மூன்று மணிப் பயணம் இல்லை. 5 மணி வித்தியாசத்தைச் சேர்த்து எட்டு. நியூயார்க்கில் இரவு 7-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7-க்கு லண்டன் வந்தால் பன்னிரண்டில் ஐந்து போக ஏழு. இரண்டையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிக் கழித்தால் குழப்பமே வராது, குறிப்பாக மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும். இரு நாடுகளும் கோடை நேரத்துக்காக (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பது) வெவ்வேறு தேதிகளில் கடிகாரத்தை மாற்றுவதால் அந்தச் சில நாட்களுக்கு வித்தியாசம் 4 மணி மட்டுமே.