கச்சான் காலத்துத் தண்டவாளம்

தண்டவாளம் வெயிலில் நெளிந்துவிட்டது என்றால் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுவார்கள். இலங்கையின் கிழக்கில், புணானைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்த எனக்கு அதில் பாதிதான் சரி என்று படுகிறது. வெயில் என்ன, வருடா வருடம் வருகிறதுதானே.

கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசுகிற நாட்களில் காற்றின் வெப்பம் 35 பாகை செல்சியஸ் என்றால், வெயிலில் கிடக்கிற இரும்பு 50ஐத் தாண்டிவிடும். ஒரு பாகை ஏறினால் ஒரு கிலோமீற்றர் உருக்கு 11 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளப் பார்க்கும். நீள விட்டால் வம்பில்லை. மூட்டுகளில் இடைவெளி விடுவது அதற்குத்தான். ஆனால் மூட்டைப் பிடித்து வைத்திருக்கிற பிஷ் பிளேட் தகடு துருப்பிடித்து இறுகிவிட்டால் இடைவெளி இருந்தும் பயனில்லை, தண்டவாளம் நகராது. அதனால் வெயிலுக்கு முன்பே கிறீஸ் பூசி விடுவோம். உருக்கி ஒட்டிய நீளத் தண்டவாளத்தில் இடைவெளியே கிடையாது. பாகைக்கு ஒன்றரைத் தொன் அளவில் நெருக்கம் உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும்.

அதை அடக்கி வைத்திருப்பது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற சிலிப்பர் கட்டையும் சல்லிக்கல்லும். முக்கியமாகக் கட்டையின் இரு நுனிகளுக்கும் வெளியே குவிந்திருக்கிற கல். மாடு கடக்கிற இடங்களில் அந்தக் கல்தான் முதலில் சரியும். எங்கள் கங்காணி நடந்துகொண்டே, "கரைக்கல்லைப் பாரு மனே" என்பார். இரும்பை நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் கல்லை.

வெளியாட்களுக்கு நம்பக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு: புதிதாகத் திருத்திய பாதைதான் பலவீனமானது. கட்டையைத் தூக்கி, அடியில் கல் இடித்து மட்டம் பார்த்தால் பாதை அழகாக இருக்கும். ஆனால் கல்லின் பிடி தளர்ந்திருக்கும். கோச்சி, அதாவது ரயில், ஓட ஓடத்தான் அது மறுபடி இறுகும். கொழும்புப் பக்கம் ஓயாமல் ஓடுவதால் சீக்கிரம் இறுகிவிடும். எங்கள் பாதையில் ஒரு நாளைக்கு ஓடுகிறதே சிலதுதான், அப்புறம் எப்படி? ஆகவே கச்சான் காலத்தில் பெரிய திருத்தம் எதையும் தொடாமலிருப்பதே நல்ல வேலை என்பது என் கட்சி. தொட்டே ஆகவேண்டுமென்றால் விடியப்புறம் தொடங்கி, இரும்பு சுடுவதற்குள் கரைக்கல்லையும் நிரப்பிவிட வேண்டும். பிறகும் வேகக் கட்டுப்பாடு போட வேண்டும். அடக்கி வைத்த நெருக்கம் பல வேளைகளில் ரயில் மேலே போகும்போதுதான் பக்கவாட்டில் வெடித்து வெளியே வரும். அதன் அதிர்விலும் தூக்கலிலும் கட்டையின் பிடி ஒரு கணம் விடுபடுகிறது.

இதெல்லாம் பெட்டிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. வாழைச்சேனை தாண்டிக் கோச்சி ஊரும்போது ஜன்னலால் தலையை நீட்டி எங்களைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லட்டும்.