அது என்ன செய்கிறது?

நம் பள்ளியில் தமிழ் ஐயா மெல்லினத்தை நடத்திய விதம் இன்னும் மறக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம' சொல்லச் சொல்வார். 'ப' மாதிரி ஏதோ ஒன்றுதான் வரும், வகுப்பே சிரிக்கும். அப்புறம்தான் "மேவும் மென்மை மூக்கு", அதாவது மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு, என்ற நன்னூல் வரியைப் பலகையில் எழுதுவார்.

எழுத்தோடு விட்டுவிடவில்லை. கட்டுரையில் எதற்கெடுத்தாலும் 'மென்மையான' என்று எழுதினால், ஓரத்தில் சிவப்பு மையில் 'அது என்ன செய்கிறது?' என்று கேட்டிருப்பார். மெழுகு இளகும், கயிறு தொய்யும், பழந்துணி நைந்துபோகும். நைந்த துணியை மிருதுவான துணி என்று சொல்லிவிட முடியுமா? ஒன்று பழுது, மற்றது சிறப்பு.

'குழைதல்' அவருக்கு மிகவும் பிடித்த சொல். "மோப்பக் குழையும் அனிச்சம்" என்ற குறளில் அது வாடுவதைக் குறிக்கும். முகர்ந்தால்தான் அனிச்சம் வாடும். விருந்தினரோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார். சோறு குழைந்தால் பதம் தப்பிவிட்டது என்கிறோம். குரல் குழைந்தால் அன்பாகவும் இருக்கலாம், காரியம் ஆகவேண்டிய கெஞ்சலாகவும் இருக்கலாம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் பேசுவார். எங்களுக்கு நேரம் போனதே தெரியாது.

'நெகிழ்' என்ற சொல்லின் பயணம் அதைவிட நீளம். சங்கப் பாடல்களில் தலைவன் பிரிந்தால் தலைவியின் உடல் மெலியும், கைவளை நெகிழும். அங்கே அது கழன்று விழுவது. இன்று யாராவது பாராட்டினால் 'நெகிழ்ந்து போனேன்' என்கிறோம். பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' என்று பெயர் வைத்ததும் இதே வேரிலிருந்துதான். தமிழில் மென்மை பெரும்பாலும் வினையாகத்தான் வாழ்கிறது என்பது என் எண்ணம். பொருள் எப்படி இருக்கிறது என்பதைவிட, தொட்டால், சுட்டால், பிரிந்தால் அதற்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இந்தச் சொற்கள் பார்க்கின்றன.

இங்கே ஆங்கிலச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தலையணையும் 'சாஃப்ட்', பாட்டியின் குரலும் 'சாஃப்ட்', யாருடைய மனமும் 'சாஃப்ட்'. தலையணை மெத்தென்று இருக்கும், மனம் இளகும் என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் தமிழ் வகுப்பில் இதை ஒரு விளையாட்டாகவே வைக்கலாம். ஒரு பொருளைக் கையில் கொடுத்து, ஐயாவின் கேள்வியைக் கேட்டால் சரி. அவர் சொன்ன வேறு சொற்கள் உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் இந்த மலரின் ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். வகுப்புக்கு அவை வேண்டும்.