தணலில் சுட்ட அப்பம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தீப்பிடித்தபோது நாங்கள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தோம். தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்று நம்பி, மனசு சரியில்லாதவர்களை ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விட்டுவந்தது ஏதோ ஒரு மதத்துக் குடும்பங்கள் மட்டும் அல்ல. நம் கரையோர கிறிஸ்தவர்களும் போனார்கள். போகாதவர்கள் பேயோட்டும் செபக்கூட்டங்களுக்கு இழுத்துப் போனார்கள்.

அந்த வாரம் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பாடம் நடத்தவில்லை. மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். கல்லறைகளுக்கு நடுவே இரவும் பகலும் கத்திக்கொண்டு, கல்லால் தன்னையே காயப்படுத்திக்கொண்ட மனிதனின் கதை. ஊர்க்காரர்கள் அவனுக்கு விலங்கும் சங்கிலியும் போட்டுப் பார்த்திருந்தார்கள். இயேசு அவனைக் குணமாக்கிய பிறகு அவன் கூடவே வருகிறேன் என்கிறான். அவரோ வீட்டுக்குப் போ, உன் சொந்தக்காரர்களிடம் போ என்கிறார். "வீட்டுக்குத்தான் அனுப்புறாரு, கவனிச்சீங்களா? நாம வீட்டுல இருந்து கொண்டுபோய் விடுறோம்" என்றார் சிஸ்டர். வகுப்பில் ஒரு பிள்ளை அழுதது. அவளுடைய சித்தப்பா அப்படி எங்கோ விடப்பட்டவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மறு வருஷம் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். காரணம் இதுதான் என்று ஊர் ஆளுக்கொன்று சொன்னது. ஒரே ஒரு காரணத்தால் யாரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்று இன்று எனக்குத் தெரியும். உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரக்கூடாது, பூசை கிடையாது, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைக்கட்டும் என்று சில பெரியவர்கள் நின்றார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் சொல்லியிருந்தது, அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கிறது, இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகவே சொல்கிறது. பங்குச் சாமியார் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, எல்லோருக்கும் செய்வது போலவே பூசை வைத்து அடக்கம் செய்தார். அன்று நண்பனின் அம்மா நிமிர்ந்து நடந்து வந்ததை நான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன. சிஸ்டர் எங்களை முறை வைத்து அனுப்பினார். சோறு, மீன் குழம்பு, சில நாள் வெறும் கஞ்சி. "என்ன பேசுறது சிஸ்டர்?" என்று கேட்டோம். "ஒண்ணும் பேச வேணாம்ப்பா. அவங்க பேசினா கேளுங்க. எல்லாம் கடவுள் சித்தம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஒரு நாள் எங்கள் முன்னாலேயே சிஸ்டர் நண்பனிடம் நேராகக் கேட்டார். "தம்பி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆமாம் என்றான். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, வெளிப்படையாகக் கேட்பது பேச வழி திறக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சிஸ்டர் அன்று இரவு அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் அவன் மாமாவையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் மனநல மருத்துவரிடம் போனார். மாத்திரையும் நடந்தது, செபமாலையும் நடந்தது. ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொன்னதே இல்லை.

அந்த நாட்களில் அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டியது எலியாவின் கதை. பெரிய இறைவாக்கினர், சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, ஆண்டவரே போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தருகிறார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துவிடுகிறார். தூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்புகிறார். அந்த இரண்டாம் முறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மில் பலர் முதல் தடவையோடு நிறுத்திவிடுகிறோம்.

எங்கள் மறைக்கல்வி வகுப்பறைச் சுவரில் புனித குழந்தை தெரசாவின் படம் இருந்தது, ரோஜாப் பூக்களோடு. அவருடைய அப்பா லூயி மார்ட்டின் மூன்று ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் இருந்தவர். ஊர்ப் பேச்சு தெரசாவையும் அவர் அக்காமாரையும் என்ன பாடு படுத்தியிருக்கும்! 2015-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. மனநோயை விசுவாசக் குறைவு என்று பேசுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நண்பன் இன்று நன்றாக இருக்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள், சொந்த வள்ளம். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, பேரு மட்டும் வேணாம்" என்றான்.

வளைகுடாவில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருந்தும் யாரோடும் பேசாமல் இருக்கிற நம் பிள்ளைகளை இங்கே பார்க்கிறேன். ஊரில் கடன், இங்கே சம்பளம் நிற்கிறது, வீட்டுக்கு போன் போட்டால் நல்லா இருக்கேன் என்கிற பேச்சு. ஊரில் இருக்கும் உங்கள் வீட்டாருக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: 14416, டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்க்க முயன்றவர் மீது போலீஸ் வழக்கு வருமே என்று மருத்துவமனைக்குப் போகத் தயங்கவும் வேண்டாம். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

நம் சங்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் அறை அறையாகப் போய்ப் பார்க்க ஒரு குழு சேர்க்கிறோம். எந்த மதத்தவரானாலும் வரலாம். சாப்பாடு கொண்டு போவோம், உட்காருவோம், தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூடப் போவோம். வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். யாராவது வந்து பார்த்தால் தேவலை என்று தோன்றுகிறவர்களும் அதே செயலாளரிடமே சொல்லலாம்.