ரெண்டு சேனலும் சமமா கேக்கணும்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பேண்டுல கிட்டார் வாசிக்கிற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஆம்ப் வால்யூமை வீட்ல வெச்சு முடிவு பண்ணாதீங்கப்பா. கம்மி சத்தத்துல நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாத்தான் கேக்கும். ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதை 1933லயே அளந்து காட்டிட்டாங்க. மிட்டை, அதாவது நடு ஸ்தாயி சத்தத்தைக் குறைச்சு வெச்சு ரூம்ல அள்ளுற டிஸ்டார்ஷன் (கரகரப்பு சவுண்ட்), டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமப் போயிடும்.

டிரம்ஸோட வாசிச்சு முதல்ல கரகரப்பு இல்லாத கிளீன் சேனலை செட் பண்ணுங்க. எவ்வளவு ஏத்தினா உடையாம நிக்குதோ, அதுதான் உங்க எல்லை. அப்புறம் டிஸ்டார்ஷன் வர்ற டிரைவ் சேனல். அதுல கெயின் (கரகரப்போட அளவு), டோன் எல்லாம் முடிச்சிட்டு கடைசியாத்தான் வால்யூமை கிளீனுக்குச் சமமா வைக்கணும், ஏன்னா கெயினைத் தொட்டாலும் மிட்டைத் தொட்டாலும் சத்தம் மாறும். ஃபுட்ஸ்விட்சை மாத்தி மாத்தி மிதிச்சு ஒரே கார்டை அடிச்சுப் பாருங்க. பாடறவங்க திரும்பிப் பார்க்கலன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ரெண்டு சேனலையும் சேர்த்து ஏத்தி இறக்குற மாஸ்டர் வால்யூமை மட்டும் தொட்டா போதும்.

சோலோவுக்கு பூஸ்ட் பெடலை டிரைவ் சேனலுக்கு முன்னாடி போட்டா கரகரப்புதான் கூடும், சத்தம் பெருசா ஏறாது. டிரைவுக்கு அப்புறம் வர்ற எஃபெக்ட்ஸ் லூப்ல போடுங்க.

டிசம்பர் கேரல் ரிகர்சலுக்கு முன்னாடி ஆம்பை எடுத்துட்டு வாங்க, சேர்ந்து பார்த்துடலாம்.