இரண்டு பச்சையும் நான்கு நாளும்

கையில் இருந்ததே இரண்டு பச்சைதான். அதில் ஒன்றை எடுக்க எனக்கு நான்கு நாள் போனது.

இலங்கையில், திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில் அரிசி ஆலை நடத்தும் அண்ணா ஒருவர் தை மாதத்தில் கூப்பிட்டு, 25 கிலோப் பைக்குப் புது வடிவமைப்பு வேண்டும், அதோடு முகநூலில் போட நாலைந்து படமும் வேண்டும் என்றார். என்ன நிறத்தில் என்று கேட்டேன். "இது என்ன கேள்வி பிள்ளை, வயல் பச்சைதான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற அந்தப் பக்கத்தில் பெரும்போக நெல் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை வேறு நிறமே கிடையாது, நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்குப் பச்சை என்றால் ஒன்றுதான். மடிக்கணினிக்கு முன்னால் குந்தியிருக்கும் எனக்கோ அது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்களுக்குள் எங்கேயோ கிடந்தது.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். ஒன்று சிவப்பு 30, பச்சை 132, நீலம் 60. மற்றது 36, 139, 66. எண்களைப் பார்த்தாலே சிரிப்பு வரும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முதலாவது கொஞ்சம் கனமாகவும் இரண்டாவது கொஞ்சம் உயிரோடும் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நானே நினைத்துக்கொண்டேன். தேத்தண்ணி கொண்டு வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் ஒரே பச்சையை ரெண்டு தரம் போட்டு வச்சிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஒன்றை மூடிவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மற்றதை மட்டும் திறந்து, இது எந்தப் பச்சை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பிழையாகச் சொன்னேன். இரண்டாம் தரமும் பிழை. இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும்போது கண் அந்த விளிம்பைப் பிடித்துவிடுகிறது, பிரித்து வைத்தால் பிடிக்க ஒன்றுமில்லை. அரிசிப் பையை வாங்குகிறவர் யாரும் நான் தள்ளிவைத்த மற்றப் பச்சையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்கப் போவதில்லை. இதை விளங்கிக்கொள்ளவே எனக்கு இரண்டாம் நாள் ஆகிவிட்டது.

சரி, அண்ணாவிடமே கேட்போம் என்று இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இது இன்னொரு முட்டாள்தனம். அவர் ஆலை முற்றத்தில் மத்தியான வெயிலில் நின்று, கீறல் விழுந்த கண்ணாடி ஒட்டிய ஒரு பழைய போனில் பார்த்துவிட்டு "ரெண்டும் கறுப்பா இருக்கு பிள்ளை" என்று குரல் பதிவு அனுப்பினார். இரவில் திரும்பவும் பார்த்தாராம், அப்போது இரண்டும் மஞ்சளாம். போனில் இரவுக்கென்று திரையை மஞ்சளாக்கும் அந்த வசதி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என் பக்கமும் பெரிய ஒழுங்கில்லை, என் மேசை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது, காலையில் டச்சுக் குடாப் பக்கத்து வெளிச்சம் அப்படியே திரையில் விழும், அப்போது பார்த்த பச்சையை மின்குமிழ் வெளிச்சத்தில் பார்த்தால் அது வேறு யாரோ போட்ட பச்சை மாதிரி இருக்கும்.

இந்த விஷயத்தில் அம்மாவுக்கு என்னைவிட நல்ல பயிற்சி. சாறிக்குச் சட்டைத் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் குழாய் விளக்குக்குக் கீழே விரித்துக் காட்டுவதை அவர் நம்பவே மாட்டார், சாறித் தலைப்பையும் துணியையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். உள்ளே அச்சாகப் பொருந்திய கிளிப்பச்சை வெளியே வந்ததும் ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் பிரிந்துபோகும். இரண்டு துணியிலும் ஏறியிருப்பது வெவ்வேறு சாயம். குழாய் விளக்கின் வெளிச்சத்தில் சில அலைநீளங்கள்தான் தூக்கலாக இருக்கும், அதற்குள் இரண்டு சாயமும் ஒரே மாதிரித் திருப்பி அனுப்பினால் கண் ஏமாந்துவிடும், சூரிய வெளிச்சத்தில் எல்லாம் இருப்பதால் வேறுபாடு வெளியே வந்துவிடும். இதற்கு ஆங்கிலத்தில் மெட்டமெரிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை, வாசல் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் நேரே தம்பலகாமத்துக்கே போய்விட்டேன். அண்ணா சொல்லத் தொடங்கியதும்தான் அவருடைய 'வயல் பச்சை' எவ்வளவு கறாரான சொல் என்று தெரிந்தது. நாற்றுப் பச்சை வேண்டாமாம், அது மஞ்சளடித்து இருக்கும். கதிர் தலை சாய்கிறபோது இருக்கிற பச்சையும் வேண்டாம், அதைப் பார்த்தால் அறுவடை ஞாபகம்தான் வருமாம். கதிர் இன்னும் வெளியே வராமல் இலையுறைக்குள் இருக்கிற குடலைப் பருவத்துப் பச்சைதான் வேண்டும். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "யானைக் கட்சிப் பச்சையாப் போயிடாம பார்த்துக்கொள்ளுங்கோ, தேர்தல் நேரம் வந்தா வீண் கதை" என்றார். யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சியின் நிறமும் பச்சைதான். இந்த ஊரில் பச்சை சும்மா ஒரு நிறமாக இருந்துவிடாது. நாட்டுக் கொடியிலேயே அது முஸ்லிம் மக்களுக்கான கோடு, தமிழருக்குச் செம்மஞ்சள். முஸ்லிம் மக்கள் அதிகம் இருக்கிற கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பை போகிறதென்றால் அதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து வந்தார். இலை வண்ண அட்டை. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய சாமான், மஞ்சள் பச்சையில் தொடங்கிக் கடும் பச்சை வரை வரிசையாகக் கட்டங்கள், பழையதில் 6, பிறகு வந்ததில் 4. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, பச்சை குறைந்திருந்தால் யூரியா போடவேண்டும், இல்லாவிட்டால் காசு மிச்சம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் மூன்று நாளாக மல்லுக்கட்டும் வேலையைத்தான் விவசாயிகள் போகத்துக்குப் பல தடவை செய்கிறார்கள், அதுவும் என்ன ஒழுங்கோடு! அட்டையில் வெயில் படக்கூடாது, உங்கள் உடம்பாலேயே நிழல் கொடுத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள், ஒரே நேரம். ஒரு இலையை நம்பக்கூடாது, 10 இலை பார்க்கவேண்டும், அதில் 6 இலையிலாவது பச்சை குறைந்திருந்தால்தான் உரம். பச்சை இடத்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி ஏமாற்றும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. அண்ணா மூன்றாவது கட்டத்தைத் தொட்டு "இது" என்றார். என்னுடைய இரண்டு பச்சையும் அதற்குள் அடங்கின.

அதன்பிறகு முகநூல் படத்துக்கான முடிவு சின்னக் கணக்கில் வந்துவிட்டது. பச்சைக்கு மேலே வெள்ளை எழுத்து வரும். சின்ன எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்று இணையத்துக்கான அணுகல் வழிகாட்டி சொல்கிறது. முதலாவது பச்சை 4.75. இரண்டாவது 4.33. உயிரோட்டமானது என்று நான் உருகிய பச்சை தோற்றுவிட்டது. திரையில் ஒரு நிறத்தின் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு மட்டும் 71 சதவீதத்துக்கு மேலே பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7, அதனால்தான் பச்சையில் ஏழு புள்ளி ஏற்றினாலே எழுத்து மங்கத் தொடங்கிவிடுகிறது. மனிதக் கண்ணுக்குப் பச்சையில்தான் அதிக வகை தெரியும் என்று அடிக்கடி பகிர்வார்கள். எனக்குப் பயன்பட்டது என்னவோ வெளிச்சக் கணக்குத்தான்.

பைக்கும் அதே பச்சை என்று முடிவாகி, கோப்பை அச்சடிக்கிற இடத்துக்கு அனுப்பினேன். நான்காம் நாள் பின்னேரம் அங்கிருந்து அழைப்பு. "தங்கச்சி, எங்களிட்ட பச்சை மை ரெண்டுதான் இருக்கு. கடும் பச்சை, இளம் பச்சை. எது போடுறது?"

வேறு பச்சை வேண்டுமென்றால் மை கலக்கவேண்டும், அதற்கு இந்த ஓடர் காணாதாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு கடும் பச்சை என்றேன், ஏனென்றால் நெய்த பையில் மை இழையோடு இழையாகப் பரவி, இடையில் அடி வெள்ளையும் தெரிந்து, எப்படியும் ஒரு படி வெளிறித்தான் விழும். அண்ணாவின் மூன்றாவது கட்டத்துக்குக் கிட்ட வந்தால் காணும்.

பங்குனியில் பை வந்தது. அண்ணா ஒன்றை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய், வயலில் நிறுத்தி வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதற்குள் அறுவடை முடிந்துவிட்டது, பின்னால் முழுக்க வைக்கோல் நிறத்தில் அடிக்கட்டை, நடுவே இந்தப் பை. கூடவே குரல் பதிவு: "பாருங்கோ பிள்ளை, அப்பிடியே வயல் பச்சை!"