களிமண்ணில் ஒரு மேக்னிஃபிசன்ட் ராம்ஸ்ஹார்ன்

சின்ன உயிரினங்களை அவற்றின் அசல் அளவிலேயே களிமண்ணில் பிடிப்பது என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது மேக்னிஃபிசன்ட் ராம்ஸ்ஹார்ன் என்ற நன்னீர் நத்தை. அறிவியல் பெயர் பிளானோர்பெல்லா மேக்னிஃபிகா. அமெரிக்காவின் வட கரோலினாவில், கேப் ஃபியர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மொத்தமே நான்கு இடங்களில்தான் இது பதிவாகியிருக்கிறது. கடல்நீர் உள்ளே வந்து உப்பேறியதும், பீவர் என்ற கொறிவிலங்குகள் கட்டித் தண்ணீரைத் தேக்கிவைத்த அணைகள் அழிந்ததும் இதற்கு எமனாகிவிட்டன. வளர்ப்புத் தொட்டிகளில் வைத்துத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள். 2023-ல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

ராம்ஸ்ஹார்ன் என்றதும் மீன்தொட்டியில் பார்க்கிற, தட்டை வட்டு போன்ற நத்தை நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. குறுக்களவு 35 மி.மீ.க்கு மேல், உயரமே 20 மி.மீ.க்கு மேல் போகும். இவ்வளவு குண்டாக இருப்பதால்தான் குஞ்சுப் பருவத்திலேயே இதை அடையாளம் கண்டுவிடலாமாம். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, அதற்கு மேல் ஏர் டிரை கிளேயை, அதாவது சுடாமல் காற்றிலேயே காயும் களிமண்ணை, சுற்றினேன். கோபுரம் போல எழும் நுனி கிடையாது. ஒரே தளத்தில் சுருள்வதால் நடுச்சுற்றுகள் உள்ளே அமிழ்ந்து நிற்கும். அந்தக் குழியைப் பென்சிலின் பின்பக்கத்தால் அழுத்தியே கொண்டுவந்தேன்.

நேரம் தின்றது வாய்தான். ஓட்டின் வாய் நாதஸ்வரத்தின் அடியிலுள்ள அணசு மாதிரி விரிந்து, ஓட்டின் இரண்டு பக்கத்தையும் தாண்டி வெளியே வரும். ஈரக் களிமண்ணை அந்த அளவுக்கு விரித்தால் தொங்கிவிடுகிறது. அதனால் ஓட்டின் சுருள் பகுதியை முதலில் காயவிட்டு, விளிம்பைத் தனியாகச் செய்து ஒட்டினேன். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினேன். நிஜ ஓடு இன்னும் மெலிசு, எளிதில் உடையக்கூடியது. தேங்கிய தண்ணீரிலும் மெல்ல ஓடும் தண்ணீரிலும் வாழ்கிற உயிருக்கு அது போதும். களிமண்ணில் அந்த மெலிவு வரவே வராது, விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றலாம், அவ்வளவுதான்.

உடல் சுலபம். நூல் போன்ற இரண்டு உணர்கொம்புகள், அவற்றின் அடியில் கண்கள். ஆப்பிள் நத்தைக்கு இருப்பது போல ஓட்டின் வாயை அடைக்கும் மூடி இதற்கு இல்லை. நுரையீரலால் காற்றைச் சுவாசிக்கிற வகை. வட அமெரிக்காவில் ராம்ஸ்ஹார்ன் நத்தைக் குடும்பத்திலேயே பெரியது இதுதான்.

இப்போது வண்ணத்தில் இருக்கிறேன். நிறைய தண்ணீர் கலந்த பழுப்பு அக்ரிலிக்கை அடுக்கடுக்காகப் பூசுகிறேன். பல நத்தைகளுக்குச் சிறுத்தைப் புள்ளிகள் மாதிரி திட்டுகள் உண்டு. அதைப் பல் குச்சியால் வைத்து, ஈரம் காயும் முன் விரலால் ஒற்றி எடுத்தால் இயல்பாக வருகிறது. வார்னிஷ் பாக்கி. அடித்தளத்துக்கு ஒரு அல்லி இலை செய்ய வேண்டும். அல்லிக் கொடிகளுக்கு நடுவில்தான் இது வாழ்ந்தது என்பதால் வேறு இலை சரிப்படாது.